வாரம் ஒரு ஊசி, தினமும் ஒரு முகமூடி

ஹாஸ்டலில் குறட்டை விடுபவர்களுக்குத் தனி மரியாதை உண்டு. ‘டிராக்டர்’, ‘ஜெனரேட்டர்’ என்று பெயர் வைப்போம். ஃபோனில் ரெக்கார்ட் பண்ணி குரூப்பில் போடுவோம். ரொம்ப முடியலைன்னா தலையணையைத் தூக்கி எறிவோம். அதெல்லாம் இருக்கட்டும். அடுத்த முறை சத்தத்தை விட்டுட்டு, சத்தம் திடீர்னு நிக்கிற இடத்தைக் கவனிச்சுப் பாருங்க.

சிலருக்குப் பத்து வினாடி, இருபது வினாடி, சில நேரம் ஒரு நிமிஷம் வரைக்கும்கூட ஒண்ணுமே கேட்காது. மார்பும் வயிறும் அசையும், ஆனால் காற்று உள்ளே போகாது. அப்புறம் கிணத்துல முங்கி எழுந்த மாதிரி ஒரு பெரிய மூச்சு. மறுபடி குறட்டை. தூங்குகிறவருக்கு இதில் எதுவும் தெரியாது. காலையில் எழுந்து, “நல்லாத்தான் தூங்கினேன், ஆனா அசதியா இருக்கு” என்பார்.

இந்த நோய்க்கு ‘அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் அப்னியா’ என்று பெயர். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது. ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறிப்போய் அரைகுறையாக எழுப்பிவிடும், தொண்டை திறக்கும், மறுபடி தூக்கம். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்று எண்ணி ஒரு கணக்கு சொல்வார்கள். அதுதான் ஏ.ஹெச்.ஐ. அது 5-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை மிதமானது, 30-ஐத் தாண்டினால் கடுமையானது.

என் அப்பாவுக்கு 48.

அப்பா லாரி ஓட்டுகிறார். நாமக்கல் பக்கம் எங்க ஊரில் தெருவுக்கு நாலு லாரிக்காரர் வீடு இருக்கும், அதில் எங்களுடையதும் ஒன்று. ஒரே வண்டி, சொந்த வண்டி, தவணை இன்னும் பாக்கி. சேலம், பெங்களூரு, புனே என்று போய் வர ஐந்தாறு நாள் ஆகும். வயசு 49, உயரம் 168 செ.மீ., போன வருஷம் எடை 88 கிலோ. பி.எம்.ஐ. கணக்கு போட்டால் 31 வரும். எட்டு வருஷமாக சர்க்கரை வேறு.

நோயை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, வண்டியில் கூடப் போகிற கிளீனர் தம்பி. “அக்கா, அண்ணன் ராத்திரி மூச்சே விடாம கெடக்கறாருங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க” என்று அம்மாவிடம் வந்து சொன்னார். அம்மாவுக்கு அது புதுசு இல்லை. குறட்டைக்குப் பயந்து பக்கத்து அறைக்குப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. ஆனால் மூச்சு நிற்கிறது என்று ஒரு வெளி ஆள் சொன்ன பிறகுதான் வீட்டில் பேச்சு மாறியது.

ஸ்லீப் ஸ்டடி என்றால் ஒரு ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். தலை, தாடை, மார்பு, கால் எல்லா இடத்திலும் எலக்ட்ரோடு. மூக்கில் காற்றை அளக்கிற குழாய், விரலில் ஆக்சிஜன் கிளிப், மார்பிலும் வயிற்றிலும் பெல்ட். நான் மூன்றாம் வருஷம் இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கிறவள். ரிப்போர்ட் வந்ததும் அந்த கிராஃபை மூணு நாள் பார்த்துக்கிட்டே இருந்தேன். மேலே காற்றோட்டக் கோடு செத்த மாதிரி நேராகப் போகிறது. அதே நேரத்தில் கீழே மார்பு பெல்ட்டின் கோடு மேலும் கீழும் ஆடுகிறது. அதாவது உடம்பு மூச்சு விட முயற்சி பண்ணிக்கொண்டே இருக்கிறது, கதவுதான் மூடியிருக்கிறது. ஒரு இடத்தில் அது 58 வினாடி நீடித்தது. ஆக்சிஜன் 71 சதவீதம் வரை இறங்கியிருந்தது.

அப்பா எட்டிப் பார்த்து, “இதுல என்ன கண்ணு தெரியுது?” என்றார். விரலால் அந்த நேர்கோட்டைக் காட்டினேன். “இந்த நேரத்துல நீங்க மூச்சு விடலைப்பா.” கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம்தான், ஆறு மாசத்துக்கு முன்னால் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது ஒரு நொடி கண் சொக்கிப் போனதைச் சொன்னார். அந்த இறக்கத்தைப் பற்றி சேலம், தருமபுரிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்த நோய் உள்ள ஓட்டுநர்களுக்கு விபத்து வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பகுப்பாய்வே சொல்கிறது.

டாக்டர் எழுதிக் கொடுத்தது சி-பாப் மெஷின். இதன் கதை நம்ம டிபார்ட்மென்ட் ஆட்களுக்குப் பிடிக்கும். 1981-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், வேக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துக் காற்றை உள்ளே இழுப்பதற்குப் பதிலாக வெளியே ஊத வைத்தார். அந்தக் காற்றைக் குழாய் வழியாக மூக்குக்குள் மெல்லிய அழுத்தத்தில் செலுத்தினார். சைக்கிள் டியூபில் காற்று இருந்தால் ஒட்டிக்கொள்ளாத மாதிரி, தொண்டையும் ஒட்டிக்கொள்ளாமல் திறந்தே இருந்தது. அவ்வளவுதான் தத்துவம். இன்றைக்கும் அதுதான் முதல் சிகிச்சை. மாட்டிய முதல் ராத்திரியே வேலை செய்கிறது.

ஆனால் மாட்ட வேண்டுமே! மூக்கில் முகமூடி, தலையைச் சுற்றி வார், ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான குழாய். உலகம் முழுக்கவே நிறையப் பேர் சில மாதத்தில் கழற்றி பரண்மேல் வைத்துவிடுகிறார்கள். அப்பா அதற்கு ‘தும்பிக்கை’ என்று பெயர் வைத்தார். ஒரு வாரம் மாட்டினார், ரெண்டு வாரம் மறந்தார்.

அந்த நேரத்தில்தான் லாரி ஸ்டாண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தச் செய்தி வந்தது. எடை குறைக்கிற ஊசி ஒன்றைப் போட்டால் குறட்டை நோயே போய்விடுமாம், அமெரிக்காவிலேயே ஒத்துக்கொண்டார்களாம். அப்பா அதை எனக்கு ஃபார்வர்ட் பண்ணி, ராத்திரி போன் போட்டார்.

“கண்ணு, இந்த ஊசி நெசமா? வாரம் ஒண்ணு போட்டாப் போதுமாமா. அப்புறம் தும்பிக்கையைக் கடாசிரலாமா?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். அப்பாவுக்காகத் தேடிப் படித்ததையும், அதற்கப்புறம் வீட்டில் நடந்ததையும் எழுதுகிறேன்.

முதலில், செய்தி பொய் இல்லை. 2024 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., டிர்செபடைட் என்ற மருந்தை, உடல் பருமனோடு மிதமான அல்லது கடுமையான ஸ்லீப் அப்னியா உள்ள பெரியவர்களுக்குக் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. இந்த நோய்க்கென்று அந்த அமைப்பு அனுமதித்த முதல் மருந்து இதுதான். அங்கே எடைக்கும் அப்னியாவுக்கும் செப்பவுண்ட் என்ற பெயரில் விற்கிறார்கள். அதே மருந்து சர்க்கரை நோய்க்கு மவுஞ்சாரோ என்ற பெயரில் வருகிறது. இந்தியாவில் 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ கடைக்கு வந்தது.

சாப்பிட்டதும் நம் குடலில் ஜி.எல்.பி-1 என்று ஒரு ஹார்மோன் சுரக்கும். இன்சுலினைத் தூண்டும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், ‘போதும்பா’ என்று மூளைக்குச் சொல்லும். பிரச்சினை என்னவென்றால் ரத்தத்தில் அதன் ஆயுள் ரெண்டே நிமிஷம். ஒரு நொதி அதை வெட்டிவிடும். 1990-களின் தொடக்கத்தில் ஜான் எங் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், கிலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் உமிழ்நீரில் இதே மாதிரி வேலை செய்கிற, ஆனால் சீக்கிரம் சிதையாத ஒரு பொருளைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்த எக்ஸெனடைட் 2005-ல் சர்க்கரை மருந்தாக வந்தது. ஒரு நாளைக்கு ரெண்டு ஊசி. பிறகு லிராகுளூடைட், தினம் ஒன்று. அப்புறம் செமாகுளூடைட், வாரம் ஒன்று. டிர்செபடைட் ஜி.எல்.பி-1 உடன் ஜி.ஐ.பி. என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அதன் மூலக்கூறில் ஒரு கொழுப்புச் சங்கிலியை ஒட்டவைத்திருக்கிறார்கள். அது ரத்தத்தில் இருக்கிற ஆல்புமின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றுவதால், அரை ஆயுள் ரெண்டு நிமிஷத்திலிருந்து ஐந்து நாளாகிவிட்டது. அதனால்தான் வாரம் ஒரு ஊசி போதும்.

சரி, பசியைக் குறைக்கிற மருந்துக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம்? கொழுப்பு வயிற்றில் மட்டும் சேர்வதில்லை. கழுத்தில், தொண்டைச் சுவரில், நாக்குக்குள்ளேகூடச் சேர்கிறது. 2020-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 67 பேரை எடை குறைப்பதற்கு முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் உடல் எடையில் சுமார் 10 சதவீதம் குறைந்திருந்தது, அப்னியா 31 சதவீதம் குறைந்திருந்தது. அந்த முன்னேற்றத்துக்கு முக்கியக் காரணம் நாக்கில் இருந்த கொழுப்பு கரைந்ததுதான் என்று கண்டார்கள். வயிற்றுக் கொழுப்புக்கும் பங்கு உண்டு. படுக்கும்போது அது உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரலைச் சுருக்கும். நுரையீரல் சுருங்கினால் மூச்சுக்குழாயைக் கீழே இழுத்துப் பிடிக்கிற இழுவிசை குறையும், தொண்டை தொளதொளவென்று ஆகிவிடும்.

அனுமதி கிடைக்கக் காரணமான ஆய்வின் பெயர் சர்மவுண்ட்-ஓ.எஸ்.ஏ. சான் டியாகோவில் இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அதுல் மல்ஹோத்ரா தலைமையில் நடந்தது. செலவு மருந்துக் கம்பெனியான எலி லில்லியுடையது. 2024 ஜூனில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. மொத்தம் 469 பேர். மெஷின் பயன்படுத்தாதவர்கள் ஒரு பிரிவு, பயன்படுத்துகிறவர்கள் இன்னொரு பிரிவு. 52 வாரம். தொடக்கத்தில் சராசரி ஏ.ஹெச்.ஐ. சுமார் 50. அப்பாவுடையது மாதிரியே.

முடிவு: மருந்து எடுத்தவர்களுக்கு மணிக்கு 25 முதல் 29 முறை வரை குறைந்தது. வெறும் ஊசி போட்டவர்களுக்கு 5 முறைதான் குறைந்தது. எடை 18 முதல் 20 சதவீதம் வரை இறங்கியது. மருந்து எடுத்தவர்களில் 42 முதல் 50 சதவீதம் பேர், இனி மெஷின் தேவைப்படாமல் போகலாம் என்று சொல்லக்கூடிய அளவுக்கு முன்னேறினார்கள். வெறும் ஊசிக்காரர்களில் அது 15 சதவீதம் அளவுதான்.

இது நிஜமாகவே பெரிய விஷயம். 2016-ல் வெளியான லிராகுளூடைட் ஆய்வில் 32 வாரத்தில் 12 முறைதான் குறைந்தது, வெறும் ஊசியிலேயே 6 குறைந்திருந்தது. அதோடு ஒப்பிட்டால் புது மருந்து எங்கேயோ போய்விட்டது.

ஆனால் வாட்ஸ்அப்பில் வராத கணக்கு ஒன்று இருக்கிறது. 50-ல் 25 போனால் மிச்சம் 25. அது மிதமான அப்னியா. சராசரி ஆளுக்கு நோய் பாதியாகியிருக்கிறது, போய்விடவில்லை. பாதிப் பேருக்கு மெஷின் தேவைப்படாமல் போகலாம் என்றால், மீதிப் பாதிக்குத் தேவை என்றுதான் அர்த்தம். யார் எந்தப் பாதி என்று ஊசி போடும் முன்னால் யாராலும் சொல்ல முடியாது.

ஏன் எல்லாருக்கும் முழுசாகப் போவதில்லை? இங்கேதான் என் சிலபஸ் உதவிக்கு வந்தது. அப்னியாவுக்குப் பின்னால் நாலு காரணங்கள் கலந்திருக்கும் என்று இந்தத் துறைக்காரர்கள் சொல்கிறார்கள். ஒன்று, தொண்டையின் இட நெருக்கடி. ரெண்டு, தூக்கத்தில் தொண்டைத் தசை சரியாக வேலை செய்யாதது. மூணு, சின்ன இடைஞ்சலுக்கே விழித்துக்கொள்கிற தூக்கம். நாலு, லூப் கெயின்.

ஆமாம், கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் வருகிற அதே லூப் கெயின். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடை அளக்கிற சென்சார்கள் இருக்கின்றன, மூளை கண்ட்ரோலர், உதரவிதானம் ஆக்சுவேட்டர். நுரையீரலில் நடந்தது சென்சாருக்குப் போய்ச் சேர ரத்தம் ஓடி வர வேண்டும், அது ஒரு டைம் டிலே. கெயின் அதிகமாக, டிலேயும் இருந்தால் என்ன ஆகும்? ஆசிலேஷன். கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் ஏறினாலே மூளை பதறி வேக வேகமாக மூச்சு விடச் சொல்லும். அது தேவைக்கு மேல் இறங்கிவிடும். உடனே மூச்சுக்கான உந்துதல் குறையும், கூடவே தொண்டைத் தசைக்குப் போகிற சிக்னலும் குறையும், தொண்டை மூடும். மறுபடி ஏறும். ராத்திரி முழுக்க இப்படியே.

எடை குறைவது முக்கியமாக முதல் காரணத்தைச் சரிசெய்கிறது. மற்ற மூன்றும் யாருக்கு எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு மிச்சம் நிற்கும். தாடை எலும்பு சின்னதாக இருப்பவர்களுக்கு எடை குறைந்தாலும் எலும்பு மாறப் போவதில்லை. ஆசியர்கள் பலருக்கு அதனாலேயே அதிக எடை இல்லாமலும் இந்த நோய் வருகிறது. ஒல்லியாக இருக்கிற ரூம்மேட்டுக்கு இது வராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அப்பாவுக்கு நான் இதையெல்லாம் சொல்லவில்லை. “ஊசி நல்ல ஊசிதாம்ப்பா. ஆனா அது வேலையை முடிக்க ஒரு வருஷம் கேக்குது. அந்த ஒரு வருஷமும் நீங்க வண்டி ஓட்டணுமே?” என்று மட்டும் கேட்டேன். இந்த மருந்தை முதல் நாளே முழு அளவில் போட முடியாது. நாலு வாரம் 2.5 மில்லிகிராம், அப்புறம் 5, அப்புறம் தேவைப்பட்டால் குறைந்தது நாலு வாரத்துக்கு ஒருமுறை 2.5 கூட்டி, அதிகபட்சம் 15. அந்த அளவுக்குப் போய்ச் சேரவே அஞ்சு மாசம் ஆகும். ஆய்வில் வந்த எண்கள் எல்லாம் 10 அல்லது 15 மில்லிகிராமில், ஒரு வருஷ முடிவில் அளந்தவை. மெஷின் இன்னைக்கு ராத்திரியே வேலை செய்யும்.

இன்னொன்று, அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இதே மருந்தில் எடை சற்றுக் குறைவாகவே இறங்கும் என்பது மற்ற ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அப்பாவுக்கு இந்த ஊசி கொடுக்கக் காரணமே சர்க்கரைதான். அப்னியாவில் கிடைப்பது கூடுதல் லாபம்.

சர்க்கரை டாக்டர் அப்பாவைப் பார்த்ததும் முதலில் கேட்டது தொழில் என்ன என்று. லாரி என்றதும், ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த கிளிமிபிரைடு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். அந்த மாத்திரையும் இந்த ஊசியும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம். “ஸ்டீயரிங் முன்னாடி அது வரக்கூடாதுல்ல?” என்றார். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா, கணையத்தில் வீக்கம் வந்திருக்கா, பித்தப்பைக் கல் உண்டா என்றும் கேட்டார். இதையெல்லாம் கேட்காமல் ஆன்லைனில் ஆர்டர் பண்ணி போட்டுக்கொள்கிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நம் வயசுப் பசங்க சிலரே கல்யாண வீட்டுக்கு முன்னால் எடை குறைக்க இதைத் தேடுகிறார்கள்.

2025 ஆகஸ்டில் ஆரம்பித்தோம். முதல் மாசம் குமட்டல். சோலாப்பூர் பக்கம் ரெண்டு தடவை வண்டியை ஓரம் கட்டி வாந்தி எடுத்ததாகக் கிளீனர் தம்பி போனில் சொன்னார். ரோட்டோர ஓட்டல்களில் பரோட்டாவும் குருமாவும் பழக்கப்பட்ட வயிறு, அரைத் தட்டிலேயே திணறியது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஊசி, திங்கட்கிழமை வீட்டில் ஓய்வு, செவ்வாய் லோடு என்று மாற்றினோம். மருந்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெளியே எடுத்தாலும் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, லாரி கேபினுக்குள் ஏப்ரல் மாசம் அது நடக்காத காரியம். அதனால் ஊசி வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. லோடு இறக்கத் தாமதமாகி ஞாயிறு தவறினால், நாலு நாளைக்குள் போட்டுக்கொள்ளலாம்.

அப்பாவோடு ஒரு ஒப்பந்தம் போட்டோம். ஊசி போடுங்க, ஆனால் மறுபடி டெஸ்ட் எடுத்து எண் குறைந்தது தெரியும் வரை தும்பிக்கையும் இருக்கணும். “வண்டியில கரண்டுக்கு எங்க போறது?” என்றார். அது என் வேலை. மெஷினில் தண்ணீர் சூடாக்கும் பகுதியை அணைத்துவிட்டு மீட்டர் வைத்து அளந்தேன். சராசரி 20 வாட்டைத் தாண்டவில்லை. எட்டு மணி நேரத்துக்கு 160 வாட்-அவர், 24 வோல்ட்டில் ஏழு ஆம்பியர்-அவருக்கும் குறைவு. லாரி பேட்டரிக்கு அது கொசுக்கடி. மெஷினுக்கு ஏற்ற டிசி கன்வெர்ட்டர், ஒரு ஃபியூஸ், கேபின் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கெட். நாலு வருஷப் படிப்பில் வீட்டுக்கு உருப்படியாகச் செய்த முதல் காரியம் என்று அம்மா சொன்னாள்.

தும்பிக்கையோடு தொடர்ந்து பத்து நாள் தூங்கிய பிறகு அப்பாவே போன் பண்ணினார். “கிருஷ்ணகிரி வர்றதுக்குள்ள மூணு டீ குடிப்பேன் கண்ணு. இன்னைக்கு டீக்கடையைத் தாண்டினதே தெரியல.” ஊசி அப்போது இன்னும் 2.5-ல்தான் இருந்தது. எடை ஒண்ணரை கிலோகூட இறங்கவில்லை. அது முழுக்க மெஷினோட வேலை.

ஆறு மாசத்தில் எடை 88-லிருந்து 80 ஆனது. 5 மில்லிகிராமிலேயே நிறுத்திக்கொண்டோம், அதற்கு மேல் வயிறும் பர்ஸும் ஒத்துழைக்கவில்லை. சர்க்கரை நன்றாகக் கட்டுக்குள் வந்தது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. முக்கியமான மாற்றம், மெஷின் போடாமல் மதியம் கண்ணயர்ந்தால்கூடக் குறட்டை பெரிதாக இல்லை. அம்மா பழைய அறைக்கே திரும்பி வந்துவிட்டாள். “ஏனுங்க, இப்பத்தான் சத்தமே இல்லைங்களே, இனி அந்த மெஷின் எதுக்குங்க?” என்று அவளே கேட்டாள்.

2026 பிப்ரவரியில் மெஷின் இல்லாமல் மறுபடி டெஸ்ட். ஏ.ஹெச்.ஐ. 31.

48-லிருந்து 31. மூணில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. ஆனால் 31 என்பது இன்னும் ‘கடுமையானது’ என்ற கட்டத்துக்குள்தான் இருக்கிறது. சத்தம் போய்விட்டது, மூச்சு நிற்பது போகவில்லை. டெஸ்ட் எடுக்காமல் காதை மட்டும் நம்பியிருந்தால் அன்றைக்கே தும்பிக்கை பரணுக்குப் போயிருக்கும், அப்பா தொப்பூருக்குப் போயிருப்பார்.

அப்பா முகம் வாடிவிட்டது. “இத்தனை ஊசியும் வீணா?” வீணில்லை என்பதற்கு மெஷினே சாட்சி. அது ஆட்டோ வகை, தொண்டையைத் திறந்து வைக்க எவ்வளவு அழுத்தம் தேவையோ அதைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அதன் கார்டை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்டில் 12 செ.மீ. நீர் அழுத்தம் வரை போய்க்கொண்டிருந்தது, இப்போது 9. காற்று மெதுவாக வருவதால் முகமூடி ஒழுகுவதில்லை, வாய் வறண்டு போவதில்லை. ஊசி மெஷினை நீக்கவில்லை, அதை மாட்டிக்கொள்வதைச் சுலபமாக்கியிருக்கிறது. ரெண்டும் சேர்ந்து வேலை செய்கிறது.

இனி வருவதுதான் கஷ்டமான கேள்வி. 2025 மார்ச்சில் அறிமுகமானபோது 5 மில்லிகிராம் குப்பி ஒன்று ரூ. 4,375. மாசத்துக்கு நாலு, ரூ. 17,500. மெஷின் ஒருமுறை வாங்கியதற்கு ஆன செலவு ரூ. 45,000. மூணு மாச ஊசிக் காசுகூட இல்லை. ஊசியை நிறுத்தலாம் என்றால், 36 வாரம் எடுத்து நிறுத்தியவர்களுக்கு அடுத்த ஒரு வருஷத்தில் எடை 14 சதவீதம் திரும்ப ஏறியதாக சர்மவுண்ட்-4 என்ற ஆய்வு காட்டியது. நாக்குக்குக் கொழுப்பு திரும்பி வந்தால் மூச்சும் பழையபடி அடைக்கத்தானே செய்யும்? இது ஆன்டிபயாடிக் மாதிரி ஒரு கோர்ஸ் முடித்துவிட்டு மறக்கிற மருந்து இல்லை. பிரஷர் மாத்திரை மாதிரி, தொடர வேண்டிய மருந்து. லாரி தவணையும் ஊசித் தவணையும் ஒரே வீட்டில் எத்தனை வருஷம் ஓடும்?

போன மாசம் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். டாக்டரிடமும் கேட்டோம். சர்க்கரைக்கும் எடைக்கும் நல்லது நடப்பதால் தவணை முடியும் வரை எப்படியாவது ஊசியை ஓட்டுவது, காசு முடியாத மாசம் வந்தால் நாமாக நிறுத்தாமல் டாக்டரைக் கேட்டு மாற்று மருந்துக்குப் போவது என்று முடிவு. அம்மா வீட்டில் இருக்கிற நாளில் ராகிக்களி, கீரை, முட்டை என்று மாற்றியிருக்கிறாள். மெஷின் விஷயத்தில் அப்பாவே முடிவு சொன்னார். “ஊசிய நிறுத்தினாலும் நிறுத்துவேன், தும்பிக்கைய நிறுத்த மாட்டேன். எனக்கு முன்னாடி போறவன் வீட்லயும் புள்ளை இருக்குமில்ல.”

படிக்கிற உங்களில் நிறையப் பேர் வீட்டில் டிரைவர், நைட் ஷிப்ட் ஆபரேட்டர், மில்லில் மெஷின் ஓட்டுகிறவர் என்று யாராவது இருப்பார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு ராத்திரி காது கொடுத்துப் பாருங்கள். குறட்டைக்கு நடுவில் மௌனம் வருகிறதா, வந்தால் எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறார்களா, காலையில் தலைவலி உண்டா, பிரஷர் இருக்கிறதா என்று கேளுங்கள். ரெண்டு மூணுக்கு ஆமாம் என்றால் ஸ்லீப் ஸ்டடிக்குக் கூட்டிப் போங்கள். இப்போது வீட்டிலேயே செய்கிற சின்ன டெஸ்டும் இருக்கிறது.

யாராவது ஊசியைப் பற்றிப் பேசினால், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நல்ல மருந்து, பலருக்கு வாழ்க்கையை மாற்றக்கூடியது. டாக்டரிடம் மூணு கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள். இது வேலை செய்யும் வரை மூச்சுக்கு என்ன வழி? எப்போது மறுபடி டெஸ்ட் எடுக்கலாம்? நிறுத்த வேண்டி வந்தால் என்ன செய்வது? அந்த மூணுக்கும் பதில் கிடைக்கும் வரை, மெஷின் இருந்தால் அதைக் கழற்ற விடாதீர்கள்.